வெண்டெல் இரவல் வாங்கிய பாதிப் புட்டி

புதிதாக மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கியிருக்கும் நர்ஸ் ரோண்டா கால்டர்வுட், வைத்தியத்துக்குப் போகிறவர்களின் ரொட்டிப் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார் என்று படகுத்துறையில் ஒரு பேச்சு. சொன்னவர்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் தீவில் அது ஒரு குறையே அல்ல. ஆனாலும் என் வீட்டிலும் ஒரு ரொட்டிப் பெட்டி இருக்கிறது. விசாரிக்கக் கிளம்பினேன்.

அன்று மூடுபனி. கிளினிக்குக்குப் போகும் பாதை பாதியில் கரைந்துபோய், பிறகு மனம் மாறியதுபோலக் காலடியில் திரும்ப முளைத்தது. எங்கோ படகுகளை எச்சரிக்கும் மூடுபனிச் சங்கு ஊதியது. ரோண்டா ஜன்னலோரம் பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம், கரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக மாத்திரை கொடுத்தவர் அவர். பிறர் எழுதியதை, சின்னக் காகிதக் கிண்ணத்தில். அப்புறம் மேல்படிப்பு படித்துப் பிறந்த தீவுக்கே வந்துவிட்டார். அமெரிக்காவின் மெயின் மாநிலச் சட்டப்படி, கரையிலிருக்கும் ஒரு டாக்டர் கொஞ்ச காலம் அவருக்கு மேற்பார்வை.

"கொடுத்த காலத்துல படுத்தா தூக்கம் வந்துச்சு. எழுத ஆரம்பிச்சதும் கனவுதான் வருது" என்றார் ரோண்டா.

கனவில் துறைமுகம் முழுக்க மிதவைகளுக்குப் பதில் மாத்திரைகள் மிதக்குமாம். கடலடியில் போட்ட சிங்கி இறால் கூண்டுக்கு மேலே அவரவர் மிதவை அவரவர் வண்ணத்தில் ஆடுவதுபோல. பிறகு பனி இறங்கும், வண்ணங்கள் கழுவிக்கொண்டு போகும், எது யாருடையது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாக ஆடிக்கொண்டிருக்கும்.

கனவு வந்தது வெண்டெல் ஏம்ஸுக்கு அப்புறம்தானாம்.

இரை மீனின் முள் குத்தி வீங்கிய கையோடு வந்தார் வெண்டெல். இதயம் தாளம் தப்புவதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அது ரோண்டாவுக்குத் தெரியும். அதோடு சண்டை போடும் மருந்தை ஒதுக்கி, சாதுவான வேறொன்றைத் தேர்ந்து, கரை டாக்டரிடமும் போனில் கேட்டாயிற்று. கையெழுத்துதான் பாக்கி. அப்போது வெண்டெல் மழைக்கோட்டைக் கழற்றினார். முழங்கை வரை புளூபெர்ரி பூசியதுபோல நீலத் திட்டுகள்.

"இது என்ன?"

"கூண்டு இடிச்சதும்மா."

"தீவுல இருக்கற எல்லாக் கூண்டும் உங்களைத்தான் தேடி வந்து இடிக்குதா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"எனக்கு எழுதினது அது ஒண்ணுதான். சத்தியமா."

ரோண்டா பேனாவைக் கீழே வைத்தார். எந்தப் பாடத்திலும் இல்லாத கேள்வி ஒன்று வந்தது.

"சரி, இந்த மாசம் யார்கிட்ட என்னென்ன இரவல் வாங்கினீங்க?"

வெண்டெல் முகம் மலர்ந்தது. "நம்ம படகுக்கார மெர்ல்கிட்ட ரம்பம். அவன் பொண்டாட்டிகிட்ட ஒரு தட்டு. அப்புறம் மெர்லோட முட்டிவலி மாத்திரை பாதிப் புட்டி. தினமும் போடறேன். அருமையாக் கேக்குதும்மா!"

அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். உறையாத ரத்தம் அந்தப் புண் வழியே சத்தமில்லாமல் ஒழுகும். ரோண்டா அவர் விரலில் குத்திப் பார்த்தால், ரத்தம் தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது.

"மெர்ல் கூண்டைத் தூக்கி இறாலை எடுப்பீங்களா நீங்க?"

"ஐயோ! என் கூண்டுக் கயித்தை அறுத்துடுவான். ஊரே துப்பும்."

"மாத்திரையை மட்டும்?"

"கூண்டு அவன் பிழைப்பும்மா. மாத்திரை வெறும் முட்டிதானே."

நண்பகலில் பனி ஓர் ஓரமாக விலகியது. மெர்ல் கேண்டேஜே தன் படகில் வெண்டெலைக் கரைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் ரம்பத்தைப் பற்றித்தான் கேட்டாராம். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் ரத்தம் கசியத் தொடங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வெண்டெல் வெளுத்துப்போய், ஆனால் உயிரோடு, திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து ரொட்டிப் பெட்டியைப் பார்க்காமல் ரோண்டா கையெழுத்துப் போடுவதில்லை. தீவில் மாத்திரைகள் குடியிருப்பது அங்கேதானே. பெட்டி திரும்பி வந்துவிடும். அடுத்தவர் மாத்திரைதான் வராது. ஆக, வதந்தி பாதி பொய். என் பெட்டியும் போய் வந்தது. ரொட்டி பத்திரம். மற்ற விவரம் வாசகர்களுக்கு வேண்டாம்.

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் ஊர்கூடிச் சாப்பிடும் அவரைக்கொட்டை விருந்து. ரம்பம் வந்துவிட்டது, தட்டும் வந்துவிட்டது. மெர்ல் விடவில்லை.

"டேய், என் பாதிப் புட்டி?"

"சிங்கி இறால் தரேன்டா."

"என் கூண்டுலயும் அதுதான்டா இருக்கு! மாத்திரை வாங்கின, மாத்திரையாக் குடு."

வெண்டெல் ரோண்டா பக்கம் சாய்ந்தார். "நான் வாயில வைக்க மாட்டேம்மா. இவனுக்குத் திருப்பிக் குடுக்கறதுக்கு மட்டும் ஒரு சீட்டு..."

"முடியாது. மெர்ல், உங்க முட்டியோட வாங்க, உங்களுக்குப் பாத்து எழுதறேன்."

"என் முட்டி எதுக்கு வரணும்? கடன் வாங்கினது அவன்."

ரோண்டா அவரைக்கொட்டையை மென்றுகொண்டிருந்தார். மெர்ல் இன்னும் நொண்டுகிறார். அந்தப் பாதிப் புட்டி இன்னும் பாக்கி.