டவரடியில் மிளகாய் நாற்று

பிரம்மதேசத்து வைஜெயந்திக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதைச் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் தலையாட்டமாட்டாள். ஊரில் இதற்குத் திமிர் என்று பெயர். எனக்கு அவளைப் பிடிப்பதே இதற்காகத்தான்.

போன வருடம் அவள் நிலத்தை ஒட்டி செல்போன் டவர் வந்தது. அந்த வருடமே அவளுடைய மிளகாய் நாற்று இரண்டு தடவை கருகியது. பக்கத்து நிலத்துக்காரர் தேவநாதன் காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார், செல்போனில், வீடியோவாக.

"டவர்லேருந்து வர்ற அலை செடிய உள்ளயே வேக வச்சிடுதும்மா. இனிமே இங்க புல்லு கூட மொளைக்காது."

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் தட்சணாமூர்த்தியும் நம்பிவிட்டான்.

"நிலத்த வித்துட்டு நீயும் உப்பளத்துக்கு வந்துடு" என்றான்.

அவள் பேரில் இருந்த ஒரே நிலம் அது. வைஜெயந்தி விடவில்லை.

"இன்னொரு தடவ வெதைக்கிறேன். அதுவும் போச்சுன்னா வித்துக்கோங்க."

கருகிய பாத்தியை மறுபடி போய்ப் பார்த்தாள். ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் நாற்று பச்சையாக நின்றது, அதுவும் டவர் பக்கத்து மூலையில். பாத்தியை மூடியிருந்த சாக்கு அந்த மூலைக்கு எட்டவில்லை.

மாட்டை விற்றபின் பாத்தி மூட வீட்டில் வைக்கோல் கிடையாது. கணவன் கொண்டுவந்த பழைய உப்புச் சாக்கைத்தான் பாத்திமேல் விரித்து, தினமும் அதன்மேலேயே தண்ணீர் தெளித்தாள். எங்கள் பக்கம் கால் துடைப்பதும் கதவை மறைப்பதும் அந்தச் சாக்கால்தான். அதில் உப்பு ஊறியிருப்பது யார் நினைவிலும் இருக்காது.

இந்தத் தடவை இரண்டு பாத்தி போட்டாள். ஒரே விதை, ஒரே கிணற்றுத் தண்ணீர். டவரடிப் பாத்திக்கு இரவல் வைக்கோல். அதே உப்புச் சாக்கு போட்ட பாத்தி டவரை விட்டுத் தள்ளி ஊருக்குள், தேவநாதன் வீட்டுக் கொல்லையில். ஜெயிக்கப்போகிற தெம்பில் அவரே இடம் கொடுத்தார்.

டவரடியில் நாற்று தளதளவென்று வந்தது. கொல்லையில் நுனி கருகிச் செத்தது.

"அலை இங்கயும் வருதோ இன்னாவோ" என்று முனகினார் தேவநாதன்.

"வந்தா டவரண்டை இருக்கறது இல்லண்ணே மொதல்ல கருகணும்?"

தட்சணாமூர்த்தி குழம்பினான். "அப்ப யாரு பண்ண வேலை இது?"

"நான்தான். ரெண்டு தடவையும் என் கையாலயே உப்புத்தண்ணி ஊத்திக் கொன்னிருக்கேன்."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நிலம் விக்கறதுக்கு இல்ல. மம்முட்டிய எடுத்துக்கினு வாங்க, நாத்து நடணும்."