ஒட்டாத மூலை

அந்தத் தொழிற்சாலையில் அவளைக் கண்ணாடி அக்கா என்றால்தான் தெரியும். அலுமினியத் தகட்டை அழுத்திப் பெட்டியாக்கும் பிரஸ்ஸில் பொருத்தும் எஃகு அச்சுகளுக்கு மெருகேற்றுபவள். அவள் தேய்த்துக் கொடுத்த அச்சில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். "நான் தேச்சா ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும்" என்பாள். வாய்க்கொழுப்பு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, ஏனென்றால் அது உண்மை.

அவள் கணவருக்கும் அங்கேதான் வேலை. அலுமினியத் தகடு அச்சில் ஒட்டாமல் இறங்க எண்ணெய் தடவுவார்கள். பெட்டியானதும் அந்த எண்ணெயை ரசாயன மருந்தில் கழுவ வேண்டும். பதினோரு வருடங்களாக அவர் அந்த மருந்துத் தொட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்தார். கையுறை போட்டும் விரல்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. மதியத்தில் ஆரஞ்சுப் பழத்தைக்கூட அவள்தான் உரித்துக் கொடுப்பாள். சாறு பட்டால் அவருக்கு உயிர் போகும்.

ஒருநாள் மேலாளர் முன் போய் நின்றாள். "எண்ணெயே இல்லாம அடிக்கலாம் சார். மெருகேத்தி, மேல வைரம் மாதிரிக் கெட்டியான கரிப்பூச்சு குடுத்தா அலுமினியம் ஒட்டாது."

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஆயிரம் பெட்டி கீறல் இல்லாம வரணும். வரலேன்னா எண்ணெயும் தொட்டியும் அப்படியேதான் இருக்கும், திரும்பப் பேசக் கூடாது."

அவள் மெருகேற்றிய அச்சு, வெளியே பூச்சுக்காரரிடம் போய்க் கறுப்பாகப் பளபளத்துத் திரும்பி வந்தது. எண்ணெய் இல்லாமல் அடித்ததில் அறுபத்திரண்டாவது பெட்டியின் மூலையில் கீறல். அச்சின் மூலையில் அலுமினியம் அப்பியிருந்தது. ஒரு துணுக்கு ஒட்டினால் போதும், அது அடுத்த தகட்டைக் கீறும், கீறக் கீற இன்னும் ஒட்டும்.

"அக்கா, உங்க ஈ வழுக்கல, நல்லா ஒட்டிக்கிச்சு!" என்றார் பிரஸ் ஓட்டுபவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பூச்சுக்காரரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று போனை எடுத்தவள், எதற்கும் பார்ப்போம் என்று பூதக்கண்ணாடியை வைத்தாள். பூச்சில் ஒரு குறையும் இல்லை. அந்த மெல்லிய பூச்சை மீறி, அடியில் அவள் தேய்த்த கோடுகள்தான் தெரிந்தன. தகடு அச்சின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அவளோ மூலையில் மட்டும், கைக்கு வாகாக இருக்கிறதென்று விளிம்போடு போகிற வாக்கில் தேய்த்திருந்தாள். போகிற தகட்டுக்குக் குறுக்கே நூறு சின்ன வேலிகள். யானைக்கும் அடி சறுக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

போனை வைத்துவிட்டு மேலாளரிடம் போனாள். "தப்பு என்னுது சார்."

"அப்போ எண்ணெய்தானா?"

"பூச்சோட தப்பா இருந்தாத்தான் நான் பயந்திருப்பேன். என் கையோட தப்புன்னா என் கையே சரி பண்ணிடும்."

மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நாள் இருந்தது. பழைய பூச்சை எடுத்துவிட்டு, அச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மரக்குச்சி நுனியில் வைரத்தூள் கலந்த பசை. தகடு இறங்கும் வாக்கிலேயே, விரல் அகலத்துக்குமேல் நகராத சின்னச் சின்னத் தேய்ப்பு. நான்கு நாளில் இடுப்பு கழன்றுவிட்டது.

மறுபடி பூச்சு, மறுபடி பிரஸ். அறுபத்திரண்டைத் தாண்டும்போது பிரஸ் ஓட்டுபவரே குனிந்து மூலையைப் பார்த்தார். ஐம்பதுக்கு ஒருமுறை வெள்ளைத் துணியால் மூலையைத் துடைத்துப் பார்த்தாள். துணியில் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான்; அலுமினியத் துணுக்கு எதுவும் அப்பவில்லை. ஆயிரமாவது பெட்டியின் மூலையை மேலாளர் நகத்தால் வருடினார், திருப்பி இன்னொரு முறை வருடினார்.

"தொட்டியை மூடச் சொல்லிடுறேன்" என்றார்.

கணவரைப் பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், பழக்கதோஷத்தில் அவள் ஆரஞ்சை எடுத்து நகம் வைத்தாள்.

"குடு, நான் உரிக்கிறேன்."

அவர் மெதுவாக உரித்தார். சாறு விரலிடுக்கில் வழிந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுளிக்கவில்லை. பாதிச் சுளைகளை அவள் கையில் வைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க வாயைத் திறந்தாள்.

"என்னங்க இது, நாரெல்லாம் அப்படியே இருக்கு?"

"கைக்கு இது புது வேலை. உன்னை மாதிரி வர நாளாகும்" என்றார் அவர்.

அவள் நாரோடு தின்றாள்.