க்யூவெட்டில் ஒட்டிய விபூதி

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் ஒரே காரணம், பக்கத்து மேஜைக்காரி. அவள் அரக்கோணத்திலிருந்து ரயிலில் திருத்தணிக்கு வருவாள். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் நசுங்கி நான் வந்து சேரும்போது, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு லேப்பில் நின்றுகொண்டிருப்பாள். அவள் டப்பாவில் இருக்கும் எலுமிச்சை சாதம்கூட என் அம்மா செய்வதைவிட ருசியாக இருக்கும். எனக்குப் பாதி கொடுத்துவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். அதுவும் எரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய கிராஃப். யூவி-விசிபிள் கருவியில் நிறமுள்ள ஒரு கரைசலை வைத்தால், அது எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று எண் காட்டும். கரைசலில் உலோகம் கூடினால் எண்ணும் கூடும். அளவு தெரிந்த ஐந்து கரைசல்களைச் செய்து, ஐந்து புள்ளிகள் வைத்துக் கோடு போட வேண்டும். அவளுடைய ஐந்தும் கோட்டின் மேலேயே சமர்த்தாக உட்காரும். என்னுடையதில் ஒன்றாவது கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும். "அவ கிராஃபைப் பாருங்க" என்று மேடம் வகுப்புக்கே தூக்கிக் காட்டுவார். நானும் பார்ப்பேன். மனதுக்குள் அதை நாலாகக் கிழித்துக்கொண்டே பார்ப்பேன்.

கடைசி செமஸ்டரில் மேடம் ஒரு செய்தி சொன்னார். சென்னையில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் இருக்கிறது. ஒழுங்காக முடித்தால் அங்கேயே வேலை. கோபால்ட்டும் நிக்கலும் கலந்த ஒரு கரைசலைத் தருவார். இரண்டின் அளவையும் யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு இடம். வகுப்பில் பேர் கொடுத்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

படிப்பு முடிந்ததும் என்னைப் பாவாவுக்கு, அதாவது மாமா மகனுக்கு, கட்டிவைப்பதாக வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பாவா நல்லவர்தான். ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "வேல கெடச்சா அப்பறம் பாக்கலாம்மா" என்று நைனா ஒரு தடவை சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்ன, அப்பா ரயில்வேயில் இருக்கிறார், மேலே படி என்று அவரே சொல்கிறார். எனக்கு இருப்பதே ஒரு வழி. அதிலும் இவள் ஏன் குறுக்கே வந்து நிற்க வேண்டும்?

பரீட்சையன்று காலையில் அவள் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு விபூதிப் பொட்டலத்தோடு வந்தாள். "நல்லா பண்ணுடி" என்று எனக்கும் இட்டுவிட்டாள். கருவி ஒன்றுதான், ஆளுக்கு அரை மணி நேரம். அவள் முதலில், அடுத்து நான். உட்காருவதற்கு முன்னால் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு தரம் இட்டுக்கொண்டாள். அந்த விரலைத் துடைக்காமலே க்யூவெட்டை எடுத்தாள். எங்கள் கல்லூரியில் கையுறை என்பது விருந்தாளிகள் வரும் நாளுக்கு மட்டும்.

க்யூவெட் என்பது கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கிற சின்னச் சதுரக் கண்ணாடிக் குப்பி. அதன் சொரசொரப்பான பக்கங்களைத்தான் பிடிக்க வேண்டும். ஒளி புகுந்து போகும் தெளிந்த பக்கங்களைத் தொடவே கூடாது. அவள் பதற்றத்தில் தொட்டுவிட்டாள். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு விரல் தடம். பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பளிச்சென்று தெரிந்தது. இனி எந்த அலைநீளத்தில் அளந்தாலும் எண் ஏறித்தான் வரும். கோபால்ட்டும் தப்பு, நிக்கலும் தப்பு. "தொடைடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வாயை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன். வருத்தமெல்லாம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு, க்யூவெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "டைம் முடிஞ்சிச்சும்மா, அடுத்தவங்க வரட்டும்" என்றார் மேடம். அவள் குப்பியைக் கழுவினாள், மெல்லிய காகிதத்தால் துடைத்தாள், ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்து மறுபடியும் துடைத்தாள். சொரசொரப்பான பக்கமாகப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

என் எண்கள் மேடத்தின் எண்களுக்குப் பக்கத்தில் வந்தன. அவளுடையவை இரண்டுமே எகிறியிருந்தன. இடம் எனக்குத்தான் என்றார் மேடம்.

சாயங்காலம் ரயிலை விட்டுவிட்டு, என் பஸ் வரும்வரை அவள் என்னோடு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ கண்ணாடியத் தொட்டத நான் பாத்தேன்டி."

"ஆங், தெரியும். நீ எட்டிப் பாத்துகினு இருந்தியே. கறையப் பாத்தப்பதான் நீ ஏன் பின்னால போயிட்டன்னு வெளங்குச்சு."

"அப்பறம் ஏன் தொடச்சிக் குடுத்த?"

"பின்ன, அழுக்கோடயா குடுப்பாங்க?" என்றாள், நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல.

பஸ் வந்தது. அதிசயமாக ஜன்னல் சீட்டும் கிடைத்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கீழே நின்று கையாட்டிய அவளைப் பார்த்தேன். எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.