மேட்டில் நின்றுபோன நாற்காலி

போன வாரம் ஒக்கலிபுரம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு பேட்டரி ஆட்டோ வந்து நின்றது. பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் மேட்டில் ஏறிப் போய்விட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நான் கியர் போட்டேன்.

தொண்ணூறுகளில் இதற்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? நானும் சகாயமும் பேட்டரி வண்டிகளுக்குக் கன்ட்ரோலர் செய்யும் சின்னக் கம்பெனியில் இருந்தோம். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுவது டிரான்சிஸ்டர். அதன் விவரத்தாளின் முதல் பக்கத்தில் ஆம்பியரைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லும் சம்பளம் மாதிரி. சூடேறாதவரைதான் அது உண்மை. அதனால் பாதியைத்தான் நம்புவோம். இரண்டு மூன்றைச் சேர்த்தே போடுவோம். நான் எரித்தவற்றைக் கோத்தால் ஒரு மாலையே கட்டலாம். மீன் கருகியது போன்ற அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மீன் என்றால் ராணி. சகாயத்தின் மனைவி. ஒரு காய்ச்சலோடு அவளுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் சந்து முனையில் ஒரு மேடு. யாராவது தள்ளினால்தான் சக்கர நாற்காலி ஏறும். தனியாக மார்க்கெட் போய் மீன்காரியோடு பேரம் பேச வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

சகாயம் நாற்காலிக்கு மோட்டார் வைத்தான். "பொட்டி பெருசா வேணாம்யா, சேலை மாட்டும்" என்றாள் ராணி. மூன்று டிரான்சிஸ்டர் போக வேண்டிய கன்ட்ரோலர் பெட்டியைச் சின்னதாக்கி ஒன்றே ஒன்று வைத்தான்.

"அவ வெயிட்டே இல்ல மச்சி, ஒண்ணு தாங்கும்."

வேறு யாருக்காவது என்றால் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மடியில் கூடையோடு கிளம்பினாள். சமதரையில் ஜோராக ஓடியது. மேட்டில் மோட்டார் திணறியது. திணறும் மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்த வாடை வந்தது, புகை வந்தது, நாற்காலி பின்னால் உருண்டது. தெருவே ஓடிவந்து பிடித்தது. அடி ஒன்றும் இல்லை. "எல்லாரும் பாத்துட்டாங்கண்ணா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

அடுத்த வாரமே பெரிய பெட்டியில் மூன்று டிரான்சிஸ்டர், சூட்டை வாங்கத் தடித்த அலுமினியம்.

"இப்ப மலையே ஏறும், உக்காரு."

"நீ கூட வர்றியா?"

கூட வருவதென்றால் மோட்டார் எதற்கு? நாற்காலியில் துணி காய்ந்தது.

சில வருஷங்களில் ராணி போய்விட்டாள். நீலசந்திராவில் ஒருவருக்குக் கொடுப்பதற்காக, மோட்டாரைப் போட்டு நாற்காலியைச் சந்து முனைக்குக் கொண்டுபோனோம். காலி நாற்காலி ஒரே மூச்சில் மேடு ஏறியது. சகாயம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "சூடே ஆவல மச்சி" என்று சொல்லி அழுதான்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. சகாயமும் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டான். சிக்னலைத் தாண்டி அந்தச் சந்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். மேட்டை வெட்டிச் சமமாக்கிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மோட்டார்கூட வேண்டாம், கையால் சக்கரத்தைத் தள்ளியே ராணி மீன் வாங்கி வந்திருப்பாள்.