சித்தூருக்கு மேலே ஒரு பாட்டில் பீர்

சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில், முதலாளி கூப்பிட்டால் எங்கே என்று கேட்காமல் கிளம்பிவிடுவேன். அப்படித்தான் வசூலுக்காக அவரோடு பெங்களூர் போனேன். போன இடத்தில் தந்தி வந்தது. மறுநாள் மத்தியானம் மெட்ராசில் எல்லை விசாரணை. நகரிப் பக்கத்து அவருடைய ஊர் ஆந்திராவில் இருப்பதா, மெட்ராசோடு சேர்வதா என்று கேட்பார்கள். நாங்கள் பேசுவது தமிழ் என்று ஊருக்காகச் சொல்ல வேண்டியவர் அவர். ரயிலைத் தவறவிட்டோம். விமானத்தில் தனியாக ஏறப் பயந்து எனக்கும் சீட்டு வாங்கினார்.

விமான நிலையத்து ஓட்டலில் ரொட்டியும் கட்லெட்டும் வந்தன. முதலாளி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பீர் சாப்பிடுங்க சார், பிளேன்ல வயிறு பொரட்டாது" என்றான் சர்வர்.

எங்கள் ஜில்லாவில் பல வருஷமாக மதுவிலக்கு. பெங்களூர் இருக்கும் மைசூர் சீமையில் இல்லை. முதல் கிளாசை மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் போலக் குடித்தார். இரண்டாவதற்கு மூக்கைப் பிடிக்கவில்லை. மிச்சத்தையும் அவருடைய கட்லெட்டையும் நான் முடித்தேன்.

"பிளேன் எந்த வழியா போவும்?" என்று சர்வரைக் கேட்டார்.

"கோலார், சித்தூர் மேலதான் சார்."

அவர் முகம் மாறியது. "சித்தூர் மேல குடிச்சிட்டுப் போனா கேசுடா."

"அவ்ளோ ஒசரம் வந்து எவன் மொதலாளி மோந்து பாக்கப் போறான்?"

"எறங்கறது மெட்ராசு. அங்கயும் அதே சட்டம். அதிகாரி முன்னால எப்படிடா வாயத் தொறப்பேன்?"

மண்டிக்காரர் சட்டைப்பையில் மாதிரி வெல்லம் எப்போதும் இருக்கும். வாய் நாற்றத்துக்கும் வயிற்று வலிக்கும் அதுதான் மருந்து. இரண்டு கட்டியை மென்று தின்றுவிட்டு என் முகத்தில் ஊதினார்.

"பீர் நாத்தம் போச்சா?"

"போச்சு மொதலாளி. இப்ப பட்டச்சாராய நாத்தம்."

வெல்லத்தை ஊறப்போட்டுத்தான் எங்கள் பக்கம் திருட்டுச் சாராயம் காய்ச்சுவார்கள். அந்த ஊறல் பானையைத் திறந்தது போலிருந்தது. விமானப் பயணம் முழுக்க வாயில் துண்டை அழுத்திக்கொண்டு வந்தார். கீழே சித்தூர் என்று யாரோ சொன்னபோது மூச்சையும் அடக்கினார்.

விசாரணையிலும் துண்டை எடுக்கவில்லை. பேர் கூப்பிட்ட குமாஸ்தாவிடம், "அய்யா மௌன விரதம்" என்றேன்.

"என்ன பாஷைன்னு சொல்ல வந்தவரு மௌன விரதமா?" அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. இவங்க ஊர்ல என்ன பேசறாங்க?"

மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் தெலுங்கில் பதில் சொல்வது சித்தூரில் எங்களுக்குப் பழக்கம். கை கட்டிக்கொண்டு, "தமிழமேனண்டி" என்றேன். தமிழ்தான் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டேன்.

முதலாளி துண்டை வீசினார். "தமிழுதான் சார். பாட்டன் காலத்துலேர்ந்து தமிழு. இவன் சித்தூர்ல வளந்த கய்தை, இவன் பேச்சக் கணக்குல எடுக்காதீங்க."

குமாஸ்தா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஏதோ ஒரு வரி எழுதினார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

எல்லை போட்டபோது ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஏரிதான் காரணம் என்றார்கள் சிலர், ரயில் பாதை என்றார்கள் சிலர். முதலாளி எல்லோருக்கும் தலையாட்டினார். என்னிடம் மட்டும், "விசாரணையில நடந்தது ஊருக்குத் தெரியறதுக்குள்ள, கொஞ்ச நாளு வேற ஊர்ல பொழச்சிக்கினு வாடா" என்றார். அன்றைக்கே வேலை தேடி ஏர்பேட்டுக்கு லாரி ஏறினேன்.