மெஷினுக்குப் பிசைந்த மாவு

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் அவள் தம்பியின் வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். அந்த மகராசனுக்குச் சர்க்கரை. ராத்திரிக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது ராத்திரிக்கு மட்டும். காலையில் வங்கிக்குக் கட்டிக்கொண்டு போவதும் சப்பாத்தி என்று ஆனது தம்பியின் சொந்த யோசனை. தேய்த்துப் போட அக்கா இருக்கும்போது அவனுக்கு என்ன கேடு?

அம்மா செத்தபோது அவனுக்கு மூக்குச் சளியைத் துடைத்துக்கொள்ளத் தெரியாது. அக்காதான் வளர்த்தாள். பெண்பார்க்க வந்தவர்களையெல்லாம், "இவனை யாரு பாத்துக்குவா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவன் படித்து, வேலைக்குப் போய், ஒரு டீச்சரைக் கல்யாணமும் செய்துகொண்டான். இனி அக்காவை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை. சமையலறைக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை. கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. அறுபதை நெருங்குகிறவளுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்தக் கட்டில்தான்.

நான் தையல்காரி. எங்கள் மாடியில் இரண்டே வீடு. வெளிச்சத்துக்காக வாசற்கதவைத் திறந்துவைத்துத்தான் தைப்பேன். எதிரே அவர்கள் சமையலறை அப்படியே தெரியும். வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும், அதை மறைப்பானேன்? வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். தேய்க்கும்போது மாவு தானாகவே கட்டைக்கு அடியில் சுற்றிக்கொண்டு வட்டமாகும். கல்லில் போட்டு, கொப்புளம் வந்ததும் திருப்பி, மடித்த துணியால் ஓரத்தில் ஓர் அழுத்து. பொம்மென்று உப்பும். தம்பி ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஒன்று உப்பாமல் போனால் மட்டும், "இதை யாரு போட்டது?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். வேறு யார் போடுவார்களாம், கீழ்வீட்டு நாயா?

போன வருஷம் அக்காவின் வலதுகை மரத்துப்போக ஆரம்பித்தது. ரவிக்கைக்குக் கொக்கி வைக்க வந்தவள், என் ஊசிப்பெட்டியில் கைவைத்துவிட்டு எடுத்தாள். விரல் நுனியில் ஊசி ஒன்று குத்தியபடியே தொங்குகிறது, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து அதைப் பிடுங்கினேன். நான்தான் இழுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, ஆபரேஷன் செய்யவேண்டும், அப்புறம் சில மாசம் அந்தக் கையில் வேலையே கூடாது, விட்டால் உணர்ச்சி சுத்தமாகப் போய்விடும் என்றார்.

"வீட்டுல சொல்லு," என்றேன்.

"சொன்னா முதியோர் இல்லத்துல விட்டுடுவாங்க. போன மாசம் ரெண்டு பேரும் போய் ஒண்ணைப் பாத்துட்டு வந்தாங்க. ஒரே கூடத்துல வரிசையா கட்டிலாம். சும்மாதான் பாத்தோம்னு சொன்னான்."

"சும்மா பாக்க அது என்ன பொருட்காட்சியா?"

"அதான் சொல்றேன். கை ஓடுற வரைக்கும் ஓடட்டும். நீ வாயைத் திறக்காதே."

அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் வந்தது. கரண்டில் ஓடுவது, உருண்டையை வைத்து மூடியை அழுத்தினால் சப்பாத்தி. டீச்சருடன் வேலை பார்க்கும் யாரோ வாங்கினார்களாம். தம்பி பெட்டியைப் பிரித்து, "உனக்குத்தான்க்கா. இனிமே நின்னு கஷ்டப்பட வேண்டாம்," என்றான். பாவி மகள், கண் கலங்கிவிட்டாள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் டீச்சர் சொன்னாள்: "அப்ப அந்தப் பின்ரூமை நம்ம பொண்ணுக்குப் படிக்கக் குடுத்துடலாம். அண்ணிக்கும் அந்த இல்லத்துல நல்லா ரெஸ்ட் கிடைக்கும்." கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் கிடையாது!

அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மெஷினுக்கும் மாவு நான்தானே பிசையணும்?" என்று கேட்டாள். எனக்குப் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெஷினுக்கு மாவு தளர்வாக இருக்கவேண்டும், எண்ணெய் கூடுதலாக வேண்டும், நன்றாக ஊறவேண்டும். கூட வந்த தாளை டீச்சரே சத்தமாகப் படித்துக்காட்டினாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கல் மாதிரிப் பிசைந்து ஊறாமலே எடுத்துக் கொடுத்தாள். வந்தது சப்பாத்தியா அது? செருப்புக்கு அடியில் வைத்துத் தைக்கலாம். தம்பி ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் தட்டு கூடத்தில் பறந்தது.

டீச்சரும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே உட்கார்ந்து பிசைந்து, மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். வெறும் மாவை இரண்டு கை அள்ளிப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்து, மறுபடி துணியால் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு டீச்சர் மூடியை அழுத்தியதும் உருண்டை வெடித்து, ஆவி அவள் விரலைச் சுட்டுவிட்டது. அவள் விசும்பி விசும்பி அழ, தம்பி அவளைத்தான் திட்டினான். "அக்கா கையால சாப்பிட்ட நாக்குடீ இது! இந்தக் கருமாந்திரத்தைத் தூக்கிப் பரண்ல போடு!"

பெண்ணைக் கூடத்தில் படிக்கச் சொன்னார்கள். இல்லத்தைப் பற்றிய பேச்சும் நின்றது. அக்கா நாலு சப்பாத்தியைத் துணியில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு பல் இல்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மெஷினே தோற்றுப்போன கை என்று தம்பி வங்கியெல்லாம் பீற்றிக்கொண்டான். அவனோடு சாப்பிட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டீச்சரோ, பள்ளிக்கூடத்து மேடம்களுக்கும் டப்பா கட்டச் சொன்னாள். "அண்ணி கை பட்டாத்தான் ருசி," என்று சிரித்துக்கொண்டே பெரிய அடுக்கு டப்பாவை எடுத்து வைப்பாள். சுட்ட விரலை அவள் மறக்கவில்லை. கட்டை உருளும் சத்தம் விடிந்ததிலிருந்து கேட்கும்.

கட்டை கையிலிருந்து நழுவ ஆரம்பித்த பிறகுதான் அக்கா தம்பியிடம் போய் நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் என் காதில் விழுந்தது.

"கை மரத்துப் போகுதுப்பா. டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்ங்கிறார்."

"பண்ணிக்கலாம்க்கா. இப்பவேவா?"

"சில மாசம் வேலை செய்யக் கூடாதாம்."

"அதுவரைக்கும் நான் என்னத்தைச் சாப்பிடுறது? அந்த மெஷின் லட்சணம்தான் தெரியுமே. பொண்ணு பரீட்சை முடியட்டும், பாக்கலாம்."

டீச்சர் குறுக்கே விழுந்து, "மெஷின் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அண்ணியை இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேத்திருக்கலாம்," என்றாள்.

அக்கா வாய் திறந்தாள். மெஷினில் கோளாறு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கை பிழைக்கும், கட்டில் போய்விடும். திறந்த வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். ஓடிப்போய் இரண்டு பேரையும் நறுக்கென்று கேட்டுவிடலாம் போலிருந்தது. "நீ வாயைத் திறக்காதே" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்து, உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் தைத்த ரவிக்கையைக் கொடுக்க அங்கே போனேன். கூடத்தில் விருந்தாளிகள். அக்கா அடுப்பைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பி, கை கொஞ்சம் இறக்கமாக இருக்கிறது, குறைத்துக் கொடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்கில் ஏதோ ஏறியது. கூடத்திலிருந்து தம்பி கத்தினான்.

"அக்கா, என்னமோ கருகுது! சப்பாத்தியைப் பாரு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். சப்பாத்தி கல்லின் நடுவில் அழகாக உப்பிக்கொண்டிருந்தது. அவளுடைய வலதுகை விரல்கள் நாலும் கல்லின் ஓரத்தில் ஊன்றியிருந்தன. மெதுவாக எடுத்தாள்; தோல் கல்லோடு நின்றுவிட்டது. நான் அலறப் போனேன். இடதுகையால் என் வாயைப் பொத்தினாள்.

"சப்பாத்திக்கு ஒண்ணும் ஆகலப்பா," என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப சூடா ரெண்டு கொண்டாங்க அண்ணி," என்றாள் டீச்சர்.