பிரயாணிகளுக்கான ஜெபம்

மனுக் கொடுப்பவனுக்குக் கால் வலிக்கும் முன்பே வெட்கம் போயிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான்.

உங்களிலும் தாலுகா கச்சேரி வாசலில் வெந்தவர்கள் இருப்பீர்கள். எனக்கு நேர்ந்தவற்றை நேர்ந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஜமீன் ஆட்கள் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்தார்கள். இரண்டாவது, தட்டிக் கேட்ட எங்கள்மேல் கலகக் கேசு போட்டார்கள். மூன்றாவது, யுத்தத்துக்கு ஆள் கொடுக்காதீர்கள் என்று அருப்புக்கோட்டைச் சந்தையில் பேசியதற்காக என்னைச் சிறையில் தள்ளினார்கள். நான்காவது, நான் உள்ளே இருக்கையில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் என் ஒரே மகன் சாமுவேலைக் கூட்டிப்போய் மலேயாவுக்குக் கப்பலேற்றினார்கள். ஐந்தாவது, சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அவனிடமிருந்து கடிதம் நின்றது.

கச்சேரி வாசல்

விடுதலையானதும் திருச்சுழிக்கு நடந்தேன். மகன் உயிரோடு இருக்கிறானா என்று விசாரித்துச் சொல்லும்படி ஒரு மனு. என் மனுக்கள் எப்போதும் 'கண்டிக்கிறோம்' என்றுதான் தொடங்கும். இதில் 'தயவுகூர்ந்து' என்று எழுதியிருந்தேன். எழுதும்போதே கை கூசியது.

குமாஸ்தா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தலைவரே! வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போகாதேன்னு கூட்டம் போட்டீக. இப்ப அதே பட்டாளத்துல உங்க வீட்டுப் பிள்ளையை நாங்க தேடணுமாக்கும்?"

உச்சிவேளை

என் மனைவி ஞானம்மாள் கச்சேரிப் பக்கம் போனதில்லை. கம்பங்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாலும், உச்சிவேளையில் அப்படியே மண்ணில் முழங்காலிடுவாள். கரிசல் கொதிக்கும். மகன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவாள். நான் ஜெபத்தில் சேராமல் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டே நிற்பேன்.

ஒருநாள் எங்கள் சங்க வேலையாக வந்த நெசவாளி ராமய்யா இதைப் பார்த்துவிட்டான். "மதினி, தினமும் மனுக் குடுக்கிறீகளே, வாங்கிக்கிட்டேன்னு உங்க சாமி கையெழுத்தாவது போடுவாரா?" என்றான். நான் சிரித்தேன். அவள் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணனுக்குக் கச்சேரியில மட்டும் என்ன போட்டுக் கிழிச்சாகளாம்? அவுக நடக்கிறதை விட்டாகளா? நான் மட்டும் விடணுமாக்கும்?"

இடம் மாறிய பெயர்

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் ஒரு தாளைப் பார்த்துப் பெயர் சொல்லி ஜெபிப்பார். முதலில் பிரயாணத்தில் இருப்பவர்கள், பிறகு வியாதியஸ்தர்கள், கடைசியில் துக்கப்படும் குடும்பங்கள். சாமுவேல் பெயர் எப்போதும் முதலில் வந்துவிடும். ஒரு ஞாயிறு வரவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். கடைசியில், "மகன் சாமுவேலை இழந்து வாடும் ஞானம்மாளுக்கு ஆறுதல் தாரும்" என்றார். பெண்கள் பக்கம் விசும்பல் எழுந்தது. தந்தி எதுவும் வரவில்லை. கண்ணால் கண்டவர் என்று யாரும் வரவில்லை.

வெளியே, அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நல்ல மனிதர்தான், கண் கலங்கி நின்றார். "எத்தனை காலத்துக்குய்யா அந்தத் தாயைக் காத்துக் கிடக்க வைக்கிறது? அழுது தீர்த்துட்டா மனசு ஆறுமேன்னுதான் செஞ்சேன்."

அடுத்த ஞாயிறு

அந்த வாரம் ஞானம்மாள் முழங்காலிடவில்லை. உச்சிவேளை வந்தால் களைக்கொத்தும் கையுமாக என்னைப் பார்த்தபடி நிற்பாள். "சபையே சொல்லிருச்சே. இனி யாருக்குன்னு கேக்க?" என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த தைரியத்தில்தான் இத்தனை காலமும் நான் கண்ணைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன். அவளும் விட்டுவிட்டால் அவனுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, உபதேசியார் பிரயாணிகளுக்கான ஜெபத்தை முடிக்கப் போனார். நான் எழுந்தேன். "ஆமென் சொல்லாதீங்க உபதேசியாரே! ஒரு பேர் விட்டுப்போச்சு."

சபை முழுவதும் கண் திறந்து பார்த்தது. ஞானம்மாள் தலை நிமிரவில்லை. உபதேசியார் பென்சிலை எடுத்துத் தாளில் கீழே இருந்த பெயரை அடித்து, மேலே எழுதி, என்னிடம் நீட்டினார். "நீங்களே வாசிங்க."

மேடை மேடையாக எத்தனையோ பேரை ஒழிக என்று முழங்கிய நான், ஒருவன் இருக்கிறான் என்று சொல்ல, அத்தனை சாட்சிகள் முன்னாலும் வாசித்தேன்: "ஞானம்மாள் மகன் சாமுவேல்."